பதினோரு முட்டையும் ஐப்பசி மழையும்

வானம் லேசாக இருட்டினாலே நீங்கள் இரண்டு பேரும் என் போனைப் பிடுங்கிக்கொள்கிறீர்கள். "அப்பா, லீவு விட்டாச்சா? செங்கல்பட்டு மாவட்டம் போட்டிருக்கா பாருப்பா" என்று அதைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறீர்கள். லீவு என்று வந்தால் கட்டிலில் ஏறி ஒரு குதி. வராவிட்டால் மழைக்குத் திட்டு. போன வாரம் சின்னவள் கேட்டாள், "உங்க காலத்துல மழை பெஞ்சா நீ என்னப்பா பண்ணுவே?" எனக்கு ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது, பதில் சொல்லாமல் கிளம்பிவிட்டேன். ஆனால் பஸ் தாம்பரம் மேம்பாலம் ஏறி இறங்குவதற்குள் எனக்கு ஒரு மழைக்காலம் முழுசாக ஞாபகம் வந்துவிட்டது. அதைத்தான் எழுதுகிறேன். நான் பத்தாவது வரை படித்தவன். பிழை இருந்தால் பெரியவன் திருத்திக்கொள்ளட்டும்.

அப்போது நாங்கள் பொழிச்சலூரில் வாடகை வீட்டில் இருந்தோம். நான் ஆறாவது. என் தங்கச்சிக்கு, அதாவது உங்கள் அத்தைக்கு, ஐந்து வயது. அப்பா பல்லாவரத்தில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தார். கீழ்ப் போர்ஷனில் நாங்கள், மாடியில் வீட்டுக்காரம்மா. அந்தத் தெரு முழுக்க ஒரு காலத்தில் அவர்கள் குடும்பம் நெல் போட்ட நிலம். மனை போட்டு விற்ற பிறகும் மண்ணுக்கு அது தெரியவில்லை. மழை வந்தால் பழைய வயல் மாதிரியே தண்ணீரை நிறுத்தி வைத்துக்கொள்ளும்.

மழைக்காலம் என்றால் எனக்கு முதலில் வருவது துணி வாடை. துவைத்த துணி நாலு நாளைக்குக் காயாது. வீட்டுக்குள்ளே குறுக்கும் நெடுக்கும் கயிறு கட்டி, அதில் யூனிஃபார்ம், பாவாடை, அப்பாவின் காக்கிச் சட்டை எல்லாம் தொங்கும். அதற்கடியில் குனிந்து குனிந்துதான் நடப்போம். காலையில் அம்மா என் அரை டிராயரை இஸ்திரிப் பெட்டியால் தேய்ப்பாள், ஆவி புஸ்ஸென்று வரும். அந்தச் சூட்டோடு போட்டுக்கொண்டு ஓடுவேன். தெருமுனை போவதற்குள் மறுபடி நனைந்துவிடும். சுவரில் மரவட்டை ஊரும். காலி மனையில் தவளை கத்தும். அந்தத் தவளைச் சத்தத்துக்கு மேலே ஏர்போர்ட்டில் இறங்கும் விமானம் எங்கள் மொட்டைமாடியை உரசிக்கொண்டு போகிற மாதிரி போகும்.

அம்மா ஐந்து கோழி வளர்த்தாள். அவை அவளுடைய கோழிகள். வீட்டில் மற்ற எல்லாமே எல்லோருக்கும் பொது, கோழி மட்டும் அவளுக்குச் சொந்தம். விடிந்ததும் கூண்டைத் திறந்துவிட்டு, அதுகளோடு பேசிக்கொண்டேதான் பல் தேய்ப்பாள். சாயங்காலம் கூண்டை மூடுவது என் வேலை. கதவைச் சாத்தி, கொக்கியை மாட்ட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

அந்த வருஷம் ஐப்பசி பிறந்ததும் முதல் பெரிய மழை வந்தது. சாயங்காலம் தெருவில் தண்ணீர் ஆறு மாதிரி ஓடுகிறது. நோட்டுப் பேப்பரைக் கிழித்துக் கப்பல் செய்து, முனையில் இருந்து முனை வரை பின்னாலேயே ஓடினேன். இருட்டிய பிறகு அம்மா வந்து காதைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். தலையைத் துவட்டினாள், சோறு போட்டாள், தூங்கிவிட்டேன். கொக்கி ஞாபகமே வரவில்லை.

காலையில் கூண்டைச் சுற்றி இறகு. காலி மனைப் புதரில் இருந்து கீரிப்பிள்ளை வந்திருக்கிறது. நாலு கோழி போய்விட்டது. ஒன்று மட்டும் எப்படியோ தப்பி முருங்கை மரத்தில் ஏறி உட்கார்ந்திருந்தது. அம்மா என்னை அடிப்பாள் என்று நின்றேன். அடிக்கவில்லை. திட்டவும் இல்லை. இறகை எல்லாம் துடைப்பத்தால் கூட்டி அள்ளினாள். அன்றைக்குச் சாயங்காலம் அவளே போய்க் கூண்டை மூடினாள். மறுநாளும் அவளேதான். "நான் மூடட்டுமா?" என்று கேட்டேன். "வேணாம், நீ போய்ப் படி" என்றாள். ரெண்டு அடி போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

நாலைந்து நாள் கழித்து, மிச்சமிருந்த அந்த ஒற்றைக் கோழி அடைக்கு உட்கார்ந்துவிட்டது. இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கிட்டப் போனால் "கொர்ர்" என்று கொத்த வந்தது. அம்மா ஒரு பக்கெட்டில் தண்ணீர் பிடித்தாள். கோழியைத் தண்ணீரில் முக்கி எடுத்தால் அடை கலைந்துவிடும்.

"ம்மா, முக்காதேம்மா. முட்டை வெச்சுப் பாப்போம்."

"ஐப்பசி மாசத்துல எவனாவது அடை வெப்பானா? இடியும் மழையுமா கீது. எல்லாம் கூமுட்டையாப் பூடும்."

"அரிசிப் பானையில பதினோரு முட்டை கீதும்மா. செத்துப்போன கோழிங்க போட்டதும் அதுலதாம்மா கீது."

இதைச் சொன்னதும் அம்மா பக்கெட்டைக் கீழே வைத்துவிட்டாள். நான் யோசித்துச் சொன்னதில்லை, வாயில் வந்தது. ஆனால் சொன்ன பிறகு எனக்கே தோன்றியது, அந்த நாலு கோழியில் மிச்சம் என்று இனி இந்த முட்டைதான். இது பொரித்தால் அம்மாவுக்குக் கோழி திரும்ப வரும். பொரிக்காவிட்டால் எனக்கு வேறு வழியே இல்லை.

"நீயே பாத்துக்கணும். கெட்டுப்போச்சுன்னா அழுவக்கூடாது, சொல்ட்டேன்" என்றாள்.

மாடிப்படிக்கு அடியில், மழைச் சாரல் படாத மூலையில் கூடையை வைத்தோம். அடியில் மணல், மேலே வைக்கோல், அதன் மேல் பதினோரு முட்டை. அடை வைத்தால் ஒற்றைப்படையில்தான் வைப்பார்கள். அப்புறம் கூடைக்குள் ஒரு கரித்துண்டும் ஒரு இரும்பு ஆணியும் போட்டாள் அம்மா. இடி இடித்தால் முட்டைக்குள் இருக்கும் குஞ்சு கலங்கிவிடும், இரும்பும் கரியும் இருந்தால் இடி ஒன்றும் செய்யாது என்பார்கள். உண்மையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

தங்கச்சி மேலே பார்த்துக் கேட்டாள், "ம்மா, அப்ப ஃபிளைட் சத்தத்துக்கு?"

"ஃபிளைட்டெல்லாம் ஒண்ணும் பண்ணாது. அது பொறந்ததுல இருந்து கேக்குது."

அன்றைக்கு மத்தியானமே ஒரு இடி இடித்தது பாருங்கள், ஜன்னல் கம்பி அதிர்ந்தது. எனக்குப் பயம் வந்துவிட்டது. இவ்வளவு பெரிய இடிக்கு இத்தனூண்டு ஆணி எப்படிப் போதும்? அப்பா பட்டறையில் இருந்து கொண்டுவந்து பையில் போட்டு வைத்திருந்த கழிவு இரும்பு கட்டிலுக்கடியில் இருந்தது. நட்டு, போல்ட்டு, அறுத்துப் போட்ட இரும்புத் தடித் துண்டு. முட்டைக்கு ஒன்று என்று கணக்குப் போட்டேன். கோழி தீனிக்கு எழுந்த நேரத்தில் ஒவ்வொன்றாகக் கொண்டுபோய் வைக்கோலை விலக்கி மணலுக்குள் புதைத்தேன். அப்புறம் அதுவும் போதாது என்று தோன்றியது. அடுத்தடுத்த இடிக்கு இன்னும் கொஞ்சம். கடைசியில் கூடையை நகர்த்தவே முடியாது என்கிற அளவுக்கு வந்துவிட்டது. அம்மாவுக்குத் தெரியாது.

கோழி உட்கார்ந்தது உட்கார்ந்தபடி இருந்தது. இருபத்தொரு நாளில் பொரிக்கும். தேதி கிழிக்கும் காலண்டரில் ஒவ்வொரு தாளையும் கிழித்துப் பத்திரமாக வைத்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் டீச்சர் வருகைப்பதிவு எடுக்கும்போது இடி இடித்தால் என் பெயரைக் கூப்பிட்டதுகூடக் கேட்காமல் ஜன்னலையே பார்ப்பேன். பக்கத்துப் பையன் "இன்னாடா, இடிக்கா பயப்படறே?" என்று கிண்டல் செய்வான். ஆமாம் என்றுதான் சொல்வேன். காரணத்தைச் சொல்லி அவனிடம் மாட்டிக்கொள்ள முடியுமா?

பத்தொன்பதாவது நாள் காலை. முந்தின நாளில் இருந்தே விடாத மழை. அப்பா பட்டறையில் இருந்து வரமுடியாமல் அங்கேயே தங்கிவிட்டார். நான் எழுந்து கட்டிலை விட்டுக் கால் வைத்தேன். சில்லென்று தண்ணீர். அம்மா ஏற்கெனவே அரிசி டின், ஸ்டவ், எங்கள் புத்தகப் பை, ரேஷன் கார்டு இருக்கிற டிரங்குப் பெட்டி எல்லாவற்றையும் கட்டில் மேலும் பரண் மேலும் ஏற்றிக்கொண்டிருந்தாள். செருப்பு, முக்காலி, பிளாஸ்டிக் குடம் எல்லாம் வீட்டுக்குள் மிதந்துகொண்டு வருகிறது. தங்கச்சி கட்டிலில் உட்கார்ந்து, "என் செருப்பு போவுது, பிடி பிடி" என்று கத்துகிறாள்.

நான் மாடிப்படிக்கு ஓடினேன். அங்கே பள்ளம் அதிகம், தண்ணீர் என் முழங்காலுக்கு வந்துவிட்டது. முக்காலியே மிதக்கிறது, கூடை மிதந்திருக்க வேண்டும் அல்லவா? மிதக்கவில்லை. நான் புதைத்த இரும்பு அதைத் தரையோடு பிடித்து வைத்திருந்தது. கோழி கூடையின் விளிம்பில் ஏறி நின்று நடுங்குகிறது. முட்டை எல்லாம் வைக்கோலில் சிக்கித் தண்ணீருக்குள்.

குனிந்து கூடையைத் தூக்கினேன். வரவில்லை. தம் கட்டித் தூக்கினேன். ஊறிப்போன கூடையின் அடிப்பாகம் அப்படியே பிய்ந்துகொண்டது. நட்டும் போல்ட்டும் தடதடவென்று என் கால் மேல் விழுந்தது. கூடை மட்டும் கையில் வந்துவிட்டது. முட்டைகள் அந்தக் கலங்கல் தண்ணீரில் ஒவ்வொன்றாக மேலே வந்து பரவியது.

"யம்மா!" என்று நான் போட்ட கூச்சலில் அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடி வந்தாள். தங்கச்சியும் கட்டிலை விட்டுக் குதித்துப் பின்னாலேயே வந்து, மூன்றாவது படியில் ஏறி நின்றுகொண்டாள். நான் அழுதுகொண்டே முட்டையைப் பொறுக்கப் போனேன். ஒன்று கையில் எடுக்கும்போதே உடைந்திருந்தது. இன்னொன்றும்.

"ம்மா," என்றாள் தங்கச்சி, "முட்டை டான்ஸ் ஆடுதும்மா."

"சும்மா இருடி, நேரங்காலம் தெரியாம."

"நெசமாம்மா. அதோ பாரு, தலைய ஆட்டுது."

அம்மா சட்டென்று என் கையைப் பிடித்தாள். "டேய், அசையாதே. தண்ணிய கலக்காதே." மூன்று பேரும் மூச்சு விடாமல் நின்றோம். தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. அப்போது பார்த்தேன். படியை ஒட்டி மிதந்த ஒரு முட்டை தானாக ஒரு வெட்டு வெட்டியது. நின்றது. மறுபடி வெட்டியது. பக்கத்தில் இருந்ததும் லேசாகத் தலையாட்டியது.

"உள்ள காலை உதைக்குதுடா. உசுரு கீது" என்றாள் அம்மா. "சில்லுன்னு ஆவறதுக்குள்ள எடு. பாத்து, பாத்து."

ஏழு முட்டை ஆடியது. இரண்டு ஆடவில்லை. ஆடாததையும் எடுத்துக்கொண்டேன். கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவள் முன்னால் போக, முட்டையைச் சட்டையில் கட்டிக்கொண்டு நான் மாடி ஏறினேன்.

மாடிக் கதவைத் திறந்த வீட்டுக்காரம்மா முதலில் எங்களைப் பார்த்தார், அப்புறம் கோழியைப் பார்த்தார். அந்த வருஷம்தான் அவர் வீட்டுக்கு மொசைக் தரை போட்டிருந்தது. நாங்களே செருப்பைக் கீழே விட்டுவிட்டுத்தான் மேலே வருவோம்.

"நீ வா, புள்ளைங்கள கூட்டினு வா. கோழி எதுக்கு? மொசைக்ல பேண்டு வெச்சா யார் துடைக்கிறது?"

"அக்கா, அடைக் கோழிக்கா. இன்னும் ரெண்டு நாளு."

"ஐப்பசில அடை வெச்சியா? இன்னாடி நீ, கோழி வளத்தவ மாதிரியா பண்ணிகீற?"

அம்மா என்னைக் காட்டிக்கொடுப்பாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன். "ஆசையா இருந்துச்சுக்கா" என்றாள்.

கடைசியில் மாடி வராண்டாவில் மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதி கிடைத்தது. ஒரு பழைய டிவி அட்டைப் பெட்டியும் அவரே தூக்கிப் போட்டார். ஆனால் கோழி உட்கார மறுத்துவிட்டது. நனைந்து ஒட்டிப்போன இறகோடு மூலையில் நிற்கிறது, பெட்டிக்குள் விட்டால் வெளியே குதிக்கிறது. அம்மா மேல்வீட்டு அடுப்பில் வெந்நீர் வைத்து, பாட்டிலில் ஊற்றித் துணி சுற்றிக் கொடுத்தாள். அப்பாவின் ஸ்வெட்டரில் ஒன்பது முட்டையையும் பாட்டிலையும் வைத்து, என் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பாட்டில் ஆறினால் மாற்ற வேண்டும். ஒன்றுக்குப் போகக்கூட எழுந்திருக்கவில்லை.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கோழியை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. சொல்லிவிட்டேன்.

"ம்மா, கூடை மிதக்காம போனது என்னாலதாம்மா."

"எப்பிடி?"

"இடிக்குப் பயந்து அப்பா பை இரும்பெல்லாம் உள்ள புதைச்சுட்டேன்."

"எவ்ளோ?"

"எல்லாம்."

அம்மா என்னையே பார்த்தாள். அப்புறம் அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். சிரிக்கிறாள். வாயை மூடிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, உள்ளே இருக்கிற வீட்டுக்காரம்மாவுக்குக் கேட்காமல் சிரிக்கிறாள். கீரிப்பிள்ளை வந்த நாளில் இருந்து அவள் என்னைப் பார்த்துச் சிரித்தது அதுதான் முதல் தடவை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

மத்தியானம் அப்பா பல்லாவரத்தில் இருந்து இடுப்பளவுத் தண்ணீரில் நடந்தே வந்து சேர்ந்தார். மாடிப்படி ஏற வரும்போது காலில் ஏதோ குத்தி, தண்ணீருக்குள் கையை விட்டு எடுத்துப் பார்த்திருக்கிறார். ஒரு போல்ட்டு. இன்னொன்று. மேலே வந்து, "இன்னாமே, பட்டறைக்குப் போய் வர்றேன்னு பாத்தா, பட்டறையே வூட்டாண்ட கீது" என்றார். அம்மா இரண்டாவது தடவை சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

இறகு காய்ந்த பிறகு, கோழி அட்டைப் பெட்டிக்குப் போனது. யாரும் விடவில்லை, அதுவாகவே ஏறி உட்கார்ந்து என்னைப் பார்த்து "கொர்ர்" என்றது. ஒவ்வொரு முட்டையாக அதன் வயிற்றுக்கடியில் தள்ளினேன். கையைக் கொத்தியது. அவ்வளவு சந்தோஷமாக நான் கொத்து வாங்கியதே இல்லை.

மறுநாள் காலை வீட்டுக்காரம்மா காப்பி டம்ளரோடு வராண்டாவுக்கு வந்தார். சாரல் பெட்டி வரைக்கும் அடித்துக்கொண்டிருந்தது. கோழி தண்ணீர் குடிக்க எழுந்திருந்த நேரம். அவர் குனிந்து ஒரு முட்டையை எடுத்துக் காதில் வைத்தார். அப்படியே நின்றுவிட்டார்.

"ஏய் இவளே, இங்க வா. உள்ள இருந்து கீச்சுகீச்சுன்னு கூப்புடுதுடி!"

எல்லோரும் ஒவ்வொரு முட்டையாகக் காதில் வைத்துப் பார்த்தோம். ஓட்டுக்குள்ளே, ரொம்பத் தூரத்தில் இருந்து வருகிற மாதிரி, ஒரு சின்னக் குரல். வீட்டுக்காரம்மா முட்டையைத் திரும்ப வைத்தார். பெட்டியைத் தானே இரண்டு கையால் தூக்கிக்கொண்டுபோய் ஹாலில், அந்த மொசைக் தரையின் நடுவில் வைத்து, கீழே ஒரு சாக்கை விரித்தார். "சாரல்ல வெச்சா இன்னாத்துக்கு ஆவும்?" என்று எங்களையே திட்டினார்.

இருபத்தொன்றாவது நாள் காலை மழை விட்டிருந்தது. முதல் குஞ்சு ஓட்டைக் குத்திக்கொண்டு வெளியே வரும்போது நனைந்த துணிச் சுருள் மாதிரி இருந்தது. மத்தியானத்துக்குள் ஆறு வந்துவிட்டது. ஆடியதில் ஒன்று வரவில்லை. ஆடாத இரண்டும் வரவில்லை. அந்த மூன்றையும் நான்தான் கொண்டுபோய் முருங்கைக்கு அடியில் புதைத்தேன். கொஞ்சம் அழுதேன், ரொம்ப இல்லை.

கீழ் வீட்டில் தண்ணீர் வடிந்து சேறு மட்டும் இருந்தது. அப்பாவும் அம்மாவும் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி அள்ளிக் கொட்டினார்கள். சுவரில் தண்ணீர் நின்ற கோடு என் தொடை உயரத்துக்கு இருந்தது. அது எப்போது போகும் என்று கேட்டேன். "பொங்கலுக்கு வெள்ளை அடிச்சா போயிடும்" என்றார் அப்பா, அதில் பெரிய விஷயம் ஒன்றும் இல்லை என்கிற மாதிரி.

மறுநாள் வேலை முடித்துவிட்டு அம்மா மொட்டைமாடிக்கு வந்தாள். பத்து நாளைக்கு அப்புறம் வெயில் அடித்தது. குஞ்சுகளை வெயிலில் விட்டிருந்தோம். அதுகளுக்கு நிற்கவே சரியாகத் தெரியவில்லை, ஓட மட்டும் தெரிந்தது. தங்கச்சி எண்ணும்போதெல்லாம் ஏழு வருகிறது. அதில் ஒன்று ஓடிப்போய் மறுபடி வருவதை அவள் கவனிக்கவில்லை.

அம்மா மடியில் இருந்து ஒரு பிடி நொய்யை எடுத்தாள். போடப் போகிறாள் என்று நான் விலகி நின்றேன். அவள் என் கையை இழுத்து, விரலைப் பிரித்து, உள்ளங்கையில் அந்த நொய்யைக் கொட்டினாள்.

"நீ போடு. உன் கைக்குப் பழகட்டும்."

குத்துக்கால் போட்டு உட்கார்ந்து கையை நீட்டினேன். கோழி சந்தேகமாக ஒரு பார்வை பார்த்தது. அதற்குப் பின்னால் இருந்து ஒரு குஞ்சு தடுக்கித் தடுக்கி ஓடி வந்தது. என் உள்ளங்கையில் ஏறி நின்று கொத்த ஆரம்பித்தது.